நாமினி வாரிசா?

மேலே படிக்குமுன் ஒரு சிறு வேலை செய்துவிட்டு வாருங்கள். பீரோவைத் திறந்து உங்கள் வீட்டுப் பாஸ் புத்தகங்கள், வைப்புத் தொகை ரசீதுகள், எல்.ஐ.சி. பத்திரங்கள் ஆகியவற்றை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் 'நாமினி' என்ற இடத்திற்கு எதிரே யாருடைய பெயர் இருக்கிறது? அவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? அந்தப் பெயரை எழுதியபோது என்ன எண்ணி எழுதினீர்கள்?

ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத நம் தாய்மார்களின் வாயிலும் சரளமாக வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் இதுவும் ஒன்று. பேங்க், செக், லோன் ஆகியவற்றோடு சேர்ந்து இதுவும் வீட்டுக்குள் வந்துவிட்டது. செக் என்றால் என்ன, லோன் என்றால் என்ன என்பது அவர்களுக்குச் சரியாகவே தெரியும். நாமினி என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். "வாரிசு" என்று தயங்காமல் பதில் வரும். படித்தவர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் அதே பதில்தான். அந்தப் பதில் தவறு. ஒரு சொல்லின்மேல் ஏற்றிய தவறான பொருளால் அண்ணனும் தம்பியின் மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு வீட்டை எங்கள் ஊரிலேயே கண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அச்சரப்பாக்கம். சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், மேல்மருவத்தூரை அடுத்து இருப்பது. சிவபெருமானின் தேர் அச்சு இற்று முறிந்த இடம் என்பது இங்குள்ள கோயிலின் தலவரலாறு. அதனால் அச்சிறுபாக்கம் என்று பெயர். பேச்சு வழக்கில் அது அச்சரப்பாக்கம் ஆகிவிட்டது. வெளியூர் நண்பர் ஒருவர் இது 'அட்சரம்' என்ற சொல்லிலிருந்து வந்ததோ என்று என்னைக் கேட்டதுண்டு! ஊர்ப் பெயரில் அச்சு மறைந்து எழுத்து வந்து உட்கார்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. சொத்து விவகாரச் சொல்லில் பொருள் இடம் மாறினால் கதை வேறு.

சிறுவர்களுக்கு ஓதிக்கொடுப்பது என் பணி. கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன் என்பதால் மஹல்லாவில் ஆங்கிலக் கடிதம், விண்ணப்பப் படிவம் எது வந்தாலும் மஃரிபுக்குப் பிறகு என்னிடம் கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள் ஒரு சகோதரி தம் மாமியாரோடு வந்தார். இத்தா முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கணவர் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாரடைப்பால் திடீரென மவ்த்தாகிவிட்டார். இரண்டு ஆண் மக்கள், ஒரு பெண் குழந்தை. வங்கியில் அவர் சேர்த்துவைத்த அசல் 2,80,000 ரூபாய் இருந்தது. திருமணத்திற்கு முன்பே தொடங்கிய கணக்கு. அப்போது நாமினியாகத் தம் அண்ணன் பெயரை எழுதியவர், பிறகு மாற்றவேயில்லை. வங்கியில் பணம் முழுவதையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள்.

"அவங்க நல்லவங்கதான் ஹஜ்ரத். ஆனா, தம்பி எனக்குன்னுதானே எழுதி வச்சான்னு சொல்றாங்க. அப்படின்னா புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று அந்தச் சகோதரி கேட்டார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. அவர் வசிப்பது மூத்த மகன் வீட்டில்.

அண்ணனையும் நான் அறிவேன். தொழுகையில் முன் வரிசையில் நிற்பவர். தம்பியைப் படிக்க வைத்தவர். கடைசி மூன்று நாட்கள் மருத்துவமனைச் செலவைத் தம் கையிலிருந்து கட்டியவர். பிறர் பொருளுக்கு ஆசைப்படுபவர் அல்லர். தம்பி தம் பெயரை எழுதியிருக்கிறான், எனவே பணம் தமக்கு உரியது என்று மனப்பூர்வமாக நம்பினார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது நாமினி என்ற சொல்தான்.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது? லத்தீன் மொழியில் 'நோமென்' என்றால் பெயர். ஆங்கிலத்தின் 'நேம்', வடமொழியின் 'நாமம்' ஆகியவை அதன் உறவுக்காரச் சொற்கள். பெயரைக் குறிப்பது நாமினேட் செய்வது. கடைசியில் நிற்கும் 'ஈ' என்ற ஒலி, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டு நீதிமன்றங்களில் வழங்கிய பிரெஞ்சு மொழியின் எச்சம். ஒரு செயல் யார்மீது செய்யப்பட்டதோ அவரை அது காட்டும். குத்தகை கொடுக்கப்பட்டவர் லெஸ்ஸி. வேலையில் அமர்த்தப்பட்டவர் எம்ப்ளாயீ. நம்பி ஒப்படைக்கப்பட்டவர் டிரஸ்டி. அவ்வாறே நாமினி என்பவர் பெயர் குறிக்கப்பட்டவர். அவ்வளவுதான். எதற்காகக் குறிக்கப்பட்டார் என்பது அச்சொல்லுக்குள் இல்லை. அமெரிக்காவில் ஒரு கட்சி அதிபர் தேர்தலுக்கு நிறுத்தும் வேட்பாளரையும் நாமினி என்றே சொல்கிறார்கள். அதனால் அவர் அதிபராகிவிடுவதில்லை.

தமிழில் இதற்கு 'நியமனதாரர்' என்ற சொல்லை அச்சிடுகிறார்கள். உத்தியோக நியமனம்போல ஒலிக்கிறது; மக்கள் வாயில் அது ஏறவில்லை. வேறு சில படிவங்களில் 'வாரிசுதாரர்' என்றே அச்சிட்டிருக்கக் கண்டிருக்கிறேன். தவறு அங்கேதான் வேர்விடுகிறது. ஏனெனில் வாரிசு என்பது நம் அரபுச் சொல்! 'வாரிஸ்' என்பதே தமிழில் வாரிசு ஆயிற்று. அல்லாஹ்வின் திருநாமங்களுள் அல்வாரிஸ் என்பதும் ஒன்று. அனைத்தும் அழிந்தபின் எஞ்சி நின்று உரிமை கொள்பவன் என்பது அதன் கருத்து. அதே வேரிலிருந்து பிறந்ததுதான் மீராஸ். அதுவே தமிழில் மிராசு ஆகி, மிராசுதார் என்ற சொல்லையும் தந்தது.

மிராசு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் செங்கல்பட்டுச் சீமையில் அச்சொல்லின் பொருள் என்ன என்பதே கும்பனியாருக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. நிலத்தின்மீது மிராசுதாரருக்கு இருப்பது முழு உரிமையா, வெறும் பங்கா என்று அதிகாரிகள் வாதாடினர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, மிராசு பற்றிக் கேட்கப்பட்ட பதினேழு வினாக்களுக்கு எழுதிய விடைகள் 1818இல் நூலாகவே வெளிவந்தன. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே எல்லிஸ்தான். ஒரு சொல்லுக்குப் பொருள் காணப் புத்தகமே தேவைப்பட்டதென்றால், பொருள் தெரியாமல் கையெழுத்திடும் நம் நிலையை என்னவென்பது!

நாமினிக்கும் நீதிமன்றம் பொருள் சொல்ல வேண்டியதாயிற்று. 1967இல் வட இந்தியாவில் ஒருவர் இறந்தார். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்கள். நாமினி அவருடைய மனைவி. பணம் முழுவதும் எனக்கே என்றார் மனைவி. எங்களுக்கும் பங்குண்டு என்று இறந்தவரின் தாயும் மகனும் வழக்குத் தொடுத்தனர். சர்பதி தேவி எதிர் உஷா தேவி என்ற அவ்வழக்கு 16 ஆண்டுகள் கழித்து, 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. அப்பணம் வாரிசுரிமைச் சட்டப்படி உரியவர்களைச் சேரவேண்டும் என்பது தீர்ப்பு.

அப்படியானால் நாமினி எதற்கு என்று கேட்பீர்கள். அது பணத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் வசதிக்காக ஏற்பட்டது. இறந்தவரின் வாரிசுகள் யார் யார், அவர்களுக்குள் பங்கு எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்க அதற்கு முடியாது. குறிப்பிட்ட ஒருவரிடம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் அதன் பொறுப்பு தீர்ந்தது. வாங்கியவரின் பொறுப்பு அப்போதுதான் தொடங்குகிறது. இதே கருத்தை அஞ்சலகத் தேசிய சேமிப்புப் பத்திரங்கள் பற்றி 2000ஆம் ஆண்டிலும், வங்கி வைப்புகள் பற்றி 2010ஆம் ஆண்டிலும், கம்பெனிப் பங்குகள் பற்றி 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று இருவர் பெயரில் கணக்கு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். எஞ்சியிருப்பவர் பணத்தை எடுக்கலாம் என்பதுதான் அதன் பொருள். மற்றவர் போட்ட பணத்துக்கு அவர் ஒருவரே உரிமையாளர் ஆகிவிட்டார் என்பதல்ல.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு திருப்பம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆவது பிரிவை மாற்றியமைத்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகக் குறித்திருந்தால், அவர்கள் அப்பணத்தின் பயனுக்கே உரியவர்கள் என்று அத்திருத்தம் கூறுகிறது. இதன் வீச்சு எவ்வளவு என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே ஒரே கருத்து இல்லை. ஆகவே காப்பீட்டுப் பணம் குறித்துப் பிணக்கு வந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். (காப்பீடு மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்பது தனி விவாதம். இங்கே அதற்குள் நான் புகவில்லை.)

நம்மைப் பொறுத்தவரை, 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி வாரிசுரிமையில் இந்நாட்டு முஸ்லிம்களுக்கு உரியது ஷரீஅத் விதிதான். யார் யாருக்கு எவ்வளவு என்பதை அல்லாஹ்வே அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் வகுத்துவிட்டான். நம் பேனாவால் அதை மாற்ற இயலாது.

"படிவத்தில் எழுதியதை வஸிய்யத்தாகக் கொள்ளக்கூடாதா?" என்று அந்த அண்ணனே பிறகு என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வஸிய்யத்து சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. வாரிசாக வருகிறவருக்கு, மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி, வஸிய்யத்தும் இல்லை. தம்பிக்கு ஆண் மக்கள் இருப்பதால் அண்ணன் வாரிசு அல்லர். எனவே அவருக்கு வஸிய்யத்துச் செய்யத் தடையில்லை. ஆனால் தம்பி அப்படி எண்ணி ஏதும் சொன்னதாக யாருக்கும் தெரியவில்லை. மனைவியோ பிள்ளைகளோ இல்லாத காலத்தில், வங்கி ஊழியர் கேட்டதற்காக எழுதிய பெயர் அது. ஹிபா என்னும் அன்பளிப்பாகவும் அதைக் கொள்ள முடியாது. ஹிபா என்றால் உயிரோடிருக்கும்போதே கொடுத்து, பெறுபவர் ஏற்று, பொருள் அவர் வசம் போய்ச் சேர வேண்டும். இங்கே கடைசி மாதம்வரை பணம் போட்டதும் எடுத்ததும் தம்பிதான்.

பிறகு நாமினியை நம் பேச்சில் என்னவென்று சொல்வது? அதற்கும் நம் வீடுகளில் சொல் இருக்கிறது: அமானிதம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் நகையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வைத்திருப்பவர் அதற்குச் சொந்தக்காரரா? அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அதே அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆவது வசனம் ஏவுகிறது. அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே இட்டுக்கொள்கிறார்கள் என்ற 10ஆவது வசனத்தின் எச்சரிக்கையை நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். வங்கிப் படிவத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்திருக்கிறோமா?

மலேசியாவில் சேர்த்துப் பார்த்தார்கள். மலாய் மொழியில் நாமினிக்குப் 'பெனாமா' என்று பெயர். அதிலும் 'நாமா' என்ற பெயர்தான் இருக்கிறது. சேமநிதி, வங்கி, காப்பீடு ஆகியவற்றில் குறிக்கப்படும் பெனாமா, இறந்தவரின் காரியத்தை நிறைவேற்றும் பொறுப்பாளர் மட்டுமே. பணத்தை ஃபராயிள் முறைப்படி பங்கிட வேண்டும் என்று அந்நாட்டுத் தேசிய ஃபத்வாக் குழு 1973இலேயே முடிவு கூறிவிட்டது. தகாஃபுல் என்னும் இஸ்லாமியக் காப்பீட்டில், நாமினி பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளரா, நிபந்தனையுடன் கூடிய ஹிபாவாகத் தாமே பெறுபவரா என்பதைத் தெளிவாகக் குறிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நம் படிவங்களிலும் அப்படி ஒரு வரி இருந்தால் எத்தனையோ வீடுகளில் சண்டை மிச்சம்.

நம் நாட்டில் அண்மையில் வந்த ஒரு மாற்றத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாகக் குறிக்கலாம். இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நல்ல வசதிதான். ஆயினும் சதவீதம் எழுதியதும், பாகப்பிரிவினை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் பெருகுவார்கள் என்றே அஞ்சுகிறேன். ஃபராயிள் கணக்கையே சதவீதமாக்கி எழுதலாமே என்றால், அந்தக் கணக்கு ஒருவர் மவ்த்தாகும் நாளில் யார் யார் உயிரோடிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்று எழுதும் சதவீதம் நாளை ஒரு குழந்தை பிறந்தால் மாறிவிடும்.

தொழிற்சாலைகளில் வேலை பார்ப்போருக்கு ஒரு சொல். 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில், திருமணத்திற்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும், புதிதாக எழுத வேண்டும் என்று விதி வகுத்திருந்தார்கள். எத்தனை அறிவுடைய விதி! வங்கிக் கணக்கில் அப்படி இல்லை. இருபது வயதில் எழுதிய பெயர், நீங்களாக மாற்றாதவரை அறுபதிலும் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாமினியே வேண்டாம் என்று யாரும் விட்டுவிடாதீர்கள். நாமினி இல்லாத கணக்கில் பணம் பெற, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், தொகை பெரிதானால் நீதிமன்றச் சான்று என்று ஒரு விதவைப் பெண் அலையவேண்டி வரும். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்குப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. பிறகு கேட்டாலும் கிடைக்கும். ஆனால் அப்படி ஒரு கணக்கு இருந்ததே குடும்பத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு, லுஹருக்குப் பின் ஜமாஅத் பெரியவர்கள் இருவரை வைத்துக்கொண்டு அனைவரும் உட்கார்ந்தோம். முதலில் கடன். மஹர் நிக்காஹ் சபையிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது என்று அந்தச் சகோதரி சொன்னார். மருத்துவமனைக்கு அண்ணன் கட்டியது 40,000 ரூபாய். "அது கடனா, அன்பளிப்பா? உங்கள் நிய்யத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றேன். சற்று நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, "கடனாத்தான் கட்டினேன், பிழைச்சு வந்து கொடுப்பான்னு நினைச்சேன்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அதைக் கழித்தால் 2,40,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 30,000. தாய்க்கு ஆறில் ஒரு பங்கு, 40,000. மீதி 1,70,000 ரூபாயில் ஆண் மக்கள் இருவருக்கும் தலா 68,000. பெண் பிள்ளைக்கு 34,000. அசலுக்குமேல் இருந்த வட்டியைப் பற்றித் தனியே மஸ்அலா கேட்டுக்கொண்டார்கள்.

அண்ணன் ஏற்கெனவே ஒரு பகுதியைத் தம் கடைக்குத் தகரக் கூரை போடச் செலவழித்திருந்தார். அதை மூன்று தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டார். சிறுவர்களின் பங்குக்குத் தனித்தனியே கணக்குத் தொடங்க முடிவாயிற்று. அதுவரை பேசாதிருந்த அந்த மூதாட்டி, தம் 40,000 ரூபாயையும் பேத்தியின் கணக்கிலேயே போடச் சொன்னார். "அது உங்கள் பங்கு, நீங்கள் கையில் வாங்கிக்கொண்டு பிறகு கொடுங்கள்" என்றேன். வாங்கி, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பெரியவர்கள் சிரித்தார்கள். மைத்துனரும் தம்பி மனைவியும் அன்றே பழையபடி பேசிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டாவது தவணை கொடுத்த அன்று அவர் அங்கே தேநீர் குடித்துவிட்டு வந்ததாக அறிந்தேன்.

எழுந்து போகும்போது அண்ணன் என்னைப் பார்த்து, "ஹஜ்ரத், உங்க கணக்குல யார் பேரை எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரவு வீட்டுக்கு வந்து பாஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். என் தந்தையார் பெயர் இருந்தது. அவர் வஃபாத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

மறுநாள் திங்கட்கிழமை காலை, மதரஸாவுக்கு ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் படிவத்தை என் பக்கம் தள்ளி, பேனாவையும் கொடுத்து, "வாரிசு பேரை இங்கே எழுதுங்க, சார்" என்றார்.